தலைவர் வந்தால் எழ வேண்டும்

எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் சங்கத்துக்குப் பதினாறு வருடமாக டாக்டர் ஏகாம்பரம்தான் தலைவர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்த மனிதர், தன் வாயை மூட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கூட்டத்துக்கு அவர் நுழைந்ததும் நாங்கள் எழுந்து நிற்க வேண்டும். அவர் கை காட்டிய பிறகுதான் உட்காரலாம்.

கூட்டம் நடந்த கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொன்னதால் கூட்டங்களை ஆன்லைனுக்கு மாற்றினோம். உடனே ஏகாம்பரம் அலுவலக உதவியாளர் ஃபிலோமினாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்லயும் நான் வந்தா எல்லாரும் எழுந்திருக்கணும். ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

"ஆகட்டும் டாக்டர்."

அன்றே ஃபிலோமினாவிடமிருந்து எங்கள் அறுபது பேருக்கும் சுற்றறிக்கை வந்தது. 'தலைவர் திரையில் தோன்றியதும் அனைவரும் எழுந்துவிட வேண்டும். எழுந்தவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தலைவர் குறிப்பிடவில்லை.'

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தலைவர் தோன்றினார். அறுபது பேரும் எழுந்தோம். சங்கத்தின் எதிர்காலம் பற்றி எழுதி வைத்திருந்ததை அவர் தலை நிமிராமல் முக்கால் மணி நேரம் வாசித்தார். முடித்துவிட்டுப் பார்த்தால், திரை முழுக்கக் காலி நாற்காலிகள்.

"ஃபிலோமினா, எங்கம்மா எல்லாரும்?"

"நீங்க வந்ததுமே எழுந்துட்டாங்க டாக்டர். பாருங்க, ஒரு நாற்காலியிலகூட ஆள் இல்ல."

தலைவர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார். குறை சொல்ல வழியில்லை.

"சரி சரி, உட்காரச் சொல்லு."

"உட்கார்ந்தாச்சு டாக்டர். சாம்பார் முடிஞ்சு ரசத்துக்கு வந்துட்டாங்க."