கடம்பன் விழுந்த துறை

"என் மேஜையில இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் செத்ததில்லைங்க, வாத்தியாரம்மா."

செங்கோட்டுவேல் இதைப் பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"ஆனா யாருக்கும் மனசு ஒட்ட மாட்டேங்குது. கதையில பூதம் வாயைத் திறந்துட்டு நிக்குது, ஆட வந்த ரகீம் போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்."

அவர் தேடி வந்திருந்த ஜெசிந்தா சிரிக்கவில்லை.

கோயம்புத்தூரில் கதை சொல்லி ஆடும் இந்தப் பகடை ஆட்டத்தை நடத்த அவளை மிஞ்சி ஆள் கிடையாது என்று பேச்சு. ஒருவர் கதையை நடத்துவார். மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ அதற்குள் இறங்குவார்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர்கள் சொல்லலாம். அது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அடிபட்டுச் செத்தால் செத்ததுதான். வருஷக்கணக்காக வளர்த்த ஆளாக இருந்தாலும் திரும்பி வரமாட்டான்.

பம்புசெட் கடை வைத்திருக்கும் செங்கோட்டுவேல், கதை நடத்த அவளிடம்தான் கற்றுக்கொண்டார். வயதில் அவரைவிட எவ்வளவோ சின்னவள். 'வாத்தியாரம்மா' என்று கிண்டலுக்குக் கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

"எதிரியோட பலம் எப்படி வைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"இவங்க பலத்தை எடை போட்டு, அதுக்கு ஒரு நூல் குறைச்சலா வைக்கறனுங்க. துல்லியமா இருக்கும்."

"பகடை?"

"மறைப்பு அட்டைக்குப் பின்னாடி உருட்டுவேன்."

"விழுந்ததைச் சொல்வீங்களா?"

செங்கோட்டுவேல் மேஜையைப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னப்பின்ன சொல்வேன். பாவம், ஆசையா வளர்த்த ஆளுங்க."

அவள் பகடை டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எதிரியை இன்னும் கொஞ்சம் பலமாக்கட்டுங்களா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"பின்ன எதைத்தான் மாத்தறது?"

ஜெசிந்தா இரண்டு பகடைகளை எடுத்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள்.

"பெரிய எண் விழுந்தவங்க ஜெயிச்சாங்க. உருட்டுங்க."

அவர் உருட்டினார். மூன்று.

அவள் தன் பகடையை உள்ளங்கைக்குள் மூடி உருட்டி, எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ஜெயிச்சீங்க."

செங்கோட்டுவேலுக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி உருட்டினார். ஒன்று.

"நீங்கதான் ஜெயிச்சீங்க."

"ஒண்ணை வெச்சு எப்படிங்க ஜெயிக்கறது?"

"ஜெயிச்சாச்சு. சந்தோஷப்படுங்க."

மூன்றாவது தடவை அவருக்கு ஆறு விழுந்தது. ஆவலாக நிமிர்ந்தார்.

"நீங்க ஜெயிச்சீங்க," என்றாள் அதே குரலில்.

"இது நிஜமாவே ஜெயிச்சதுங்களா?"

அவள் கையைத் திறக்கவில்லை.

செங்கோட்டுவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பச்சைக் குழந்தைன்னு நினைச்சீங்களா?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல்வரை வேகமாகப் போனவர் அங்கேயே நின்றார். பிறகு மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடைக்கு மேலே இருக்கும் அறையில் அவருடைய கூட்டம் சேர்ந்தது. செங்கோட்டுவேல் மறைப்பு அட்டையை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டார்.

"இனிமே உங்க கண்ணு முன்னாடிதான் உருளும். விழுந்தது விழுந்ததுதான். சம்மதமா?"

ரகீம் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சம்மதம்," என்றாள் லோசனி.

லோசனி கண் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கதைக்குள் அவள் கடம்பன். ஓடம் தள்ளிக்கொண்டிருந்து, பிறகு ஈட்டி பிடித்தவன். முதல் நாளிலிருந்து அவனைத்தான் ஆடி வருகிறாள். வேறு ஆள் எடுத்ததில்லை.

அன்றைக்குக் கதையில் ஆறு பெருக்கெடுத்து ஓடியது. ஊர் சனம் மூட்டை முடிச்சோடு படகுகளில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் காட்டை முறித்துக்கொண்டு பூதம் வந்தது.

"யாராவது துறையில நின்னு தடுத்தா, எல்லாப் படகும் அக்கரை சேரும்," என்றார் செங்கோட்டுவேல். "ஆனா நின்னவங்க பிழைக்கறது கஷ்டம்."

இப்படிப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருவரும் சட்டை செய்ததில்லை.

லோசனி அவரைக் கூர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."



"அக்கா, படகுல ஏறிருங்க," என்றான் ரகீம். "ஊர்க்காரங்க வெறும் கதைதானே?"

"கடம்பனும் கதைதான்டா."

அவள் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"கடம்பன் நிக்கறான்."

பகடை உருண்டது. பூதத்தின் அடி தப்பியது. படகுகள் நகர்ந்தன.

மறுபடி உருண்டது. கடம்பனின் தோளில் அடி விழுந்தது. ஈட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். படகுகள் நடு ஆற்றைத் தாண்டிவிட்டன.

மேஜையைச் சுற்றி ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. எப்போது எழுந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

கடைசிப் படகு அக்கரையைத் தொட்டபோது பகடை மேஜை விளிம்புவரை ஓடிப்போய் நின்றது.

கடம்பன் விழுந்தான்.

செங்கோட்டுவேலின் கை தானாகப் பகடையை நோக்கிப் போனது.

"மேஜை ஆடிருச்சாட்டம் இருக்குது. இன்னொருக்கா வேணா..."

லோசனி பகடைமேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"தொடாதீங்கண்ணா."

அவள் கண் நிறைந்திருந்தது. கை அசையவில்லை.

ரகீம் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கரையில என் ஆளு மண்டி போடறான்," என்றான். "ஊர் சனம் பூரா மண்டி போடுது. சரிங்களாண்ணா?"

"சரி," என்றார் செங்கோட்டுவேல்.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். லோசனி யாரிடமும் பேசாமல் படியிறங்கினாள். செங்கோட்டுவேல் காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"அந்தப் புள்ளை அழுதுட்டுப் போகுதுங்க. தப்புப் பண்ணிட்டனாட்டம் இருக்குது."

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் கீழே தெருவில் யாரோ உரக்கப் பேசுவது கேட்டது. ஜன்னலுக்குப் போனார்.

லோசனி ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று, புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, செத்துட்டான். அட, பாவம்னு சொல்லாதீங்க. எப்படி நின்னான்னு முதல்ல கேளுங்க. எல்லாரும் படகுல ஏறிட்டாங்க, இவன் ஒருத்தன்தான் துறையில. தோள்ல அடி விழுகுது, ஒரு அடி பின்னால வைக்கலைங்க! ஈட்டியை இந்தக் கைக்கு மாத்தி..."

பேசப் பேச அவள் சாய்ந்திருந்ததை விட்டு நிமிர்ந்தாள். இல்லாத ஈட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக் காட்டினாள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவள் கவனிக்கவில்லை.

செங்கோட்டுவேல் தன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்.

கை வலிக்கும்வரை பிடித்திருந்தார். பிறகு காதில் வைத்தபோது, ஜெசிந்தாவும் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

"யாரு சார் பேசறது?" என்றாள்.

"கடம்பனைப் பறிகொடுத்த வீட்டாளுங்க," என்றார்.