நடு ஆற்றில் வந்த கடிதம்

கோயம்புத்தூரில் ‘தும்பி’ என்ற வீடியோ கேம் பெட்டியைத் தயாரிக்கும் நிறுவனத்தில் தில்லைநாயகம் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதற்கு முன் இருபது வருடம் கிரைண்டர் விற்றவர். கேம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாததையெல்லாம் அமலோற்பவத்திடம் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. தும்பியின் மென்பொருளை முதல் வரியிலிருந்து எழுதியவர். ஒரு காலத்தில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் ஆபீசில் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். மற்றவர்கள் விளையாட்டாகக் கூப்பிட்டார்கள். தில்லைநாயகம் மனசாரக் கூப்பிட்டார்.

பெட்டி வெளிவந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. ‘தும்பி இரண்டு’ தை மாதம் வரப்போகிறது. பழையதற்கு என்றைக்கு முழுக்குப் போடுவது என்று தேதி குறிக்கும் பொறுப்பை எம்.டி. தில்லைநாயகத்திடம் விட்டிருந்தார்.

அவருக்குத் தலை சுற்றியது. புதுப் பெட்டிக்குக் கேம் செய்கிறவர்கள் வந்து, “பழசுலயும் ஓடணும்னு சொல்லிச் சொல்லியே எங்க கேம்ல வர்ற காட்டுல பாதி மரத்தை எடுத்துட்டோம் சார்” என்றார்கள். சர்வீஸ்காரர்கள் வந்து, “இன்னைக்கும் எண்பதாயிரம் பேர் விளையாடுறாங்க சார். நிறுத்தினா எங்களுக்குத்தான் போன் வரும்” என்றார்கள். முதலில் சொன்னவர்கள் சொன்னது நியாயம் என்று பட்டது. அடுத்து வந்தவர்கள் சொன்னதும் நியாயமாகவே இருந்தது.

தேதி வரவில்லை. வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதம்தான் வந்தது. ஒரே மூச்சில் எழுதிவிட்டார். ‘அன்பான வாடிக்கையாளரே, இத்தனை ஆண்டுகள் எங்களோடு பயணித்தமைக்கு நன்றி. தும்பி இன்றுடன் இனிதே விடைபெறுகிறது.’ அதை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார்.

“எப்ப நிறுத்தலாம் டீச்சர்?”

அமலோற்பவம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்துத் தன் மேஜை டிராயரில் வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய தும்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“ஒரு வாரம் விளையாடுங்க சார்.”

“நான் தேதி கேட்டேனே டீச்சர்.”

“அதுல படகு கேம் ஒண்ணு இருக்கு. நல்லா இருக்கும்.”

அமலோற்பவம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தில்லைநாயகம் ஒன்றும் புரியாமல் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

படகு கேமில் ஒரு பெரிய ஆறு. ஒரு படகுக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு துடுப்பு. கூட வருகிறவர் எந்த ஊரிலோ தன் வீட்டில் உட்கார்ந்து துடுப்புப் போடுவார். ஆபீஸ் சர்வர்தான் இருவரையும் ஒரே படகில் சேர்த்து வைக்கும். முதல் நாள் அவருக்கு ஜோடியாக வந்தது ஒரு பெண் குரல்.

“அண்ணே, நீங்க ஒரே பக்கமா தள்றீங்க. படகு சுத்திக்கிட்டே இருக்கு.”

“மன்னிச்சுக்கம்மா, புதுசு.”

“தெரியுது. நான் சொல்லும்போது மட்டும் போடுங்க.”

பெயர் செண்பகவல்லி. மன்னார்குடியில் கூட்டுறவு வங்கியில் வேலை. கணவர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். அவரிடமும் ஒரு தும்பி இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் ஒரே படகில் ஏறிவிடுவார்கள். அந்த வாரம் கணவருக்கு வேறு ஷிப்ட். அதனால்தான் தில்லைநாயகத்துக்கு இடம் கிடைத்தது.

“போன்ல பேசிக்க மாட்டீங்களாம்மா?” என்று மூன்றாம் நாள் கேட்டார்.

“போன்ல என்னண்ணே பேசறது? சாப்டீங்களா, சாப்டேன். அதோட முடிஞ்சுடும். இதுல ஒரு மணி நேரம் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கலாம்.”

தில்லைநாயகம் தன் ஆபீசைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஐந்தாம் நாள் அவருக்குத் துடுப்புப் பிடிபட்டுவிட்டது. முதல்முறையாக அக்கரை கண்ணுக்குத் தெரிந்தது. “அப்படித்தான், விடாதீங்க” என்று செண்பகவல்லி சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது. ஆறு மறைந்தது. கறுத்த திரையில் எழுத்துகள் வந்தன.

‘அன்பான வாடிக்கையாளரே...’

தான் எழுதியது என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கன்ட்ரோலரின் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார். பெட்டியை அணைத்துப் போட்டார். ‘இனிதே விடைபெறுகிறது’ என்றே மறுபடியும் வந்தது. அந்தப் பெண் அங்கே தனியாக நிற்பாள். ஒற்றைத் துடுப்பில் படகு சுற்றும். இவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுகூட நினைப்பாள்.

மறுநாள் காலை டீச்சரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தார்.

“நடு ஆத்துல விட்டுட்டீங்களே டீச்சர்!”

“உங்க பெட்டிக்கு மட்டும்தான் சார் அனுப்பினேன்.”

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“கடிதத்துல சொல்லியிருந்துச்சே. நல்ல கடிதம். யார் எழுதினது?”

தில்லைநாயகம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. குழப்பம் மட்டும் இருந்தது.

“சரி டீச்சர். அப்ப நிறுத்தவே கூடாது. அதானே?”

“நிறுத்தித்தான் ஆகணும் சார். பழைய சர்வரைப் பார்த்துக்க எங்கிட்ட நாலு பேர் மாட்டிக்கிட்டிருக்காங்க. அவங்க வரலைன்னா புதுசு எந்திரிக்காது.”

“அப்ப நிறுத்தணும்.”

“ஆமா.”

“எப்ப?”

“உங்க படகுல இருந்தவங்க எப்ப இறங்குவாங்கன்னு கேட்டீங்களா?”

அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பெட்டி பழையபடி வேலை செய்தது. செண்பகவல்லியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். தான் யார் என்பதையும் சொன்னார். பிறகு அதைக் கேட்டார்.

செண்பகவல்லி கொஞ்ச நேரம் துடுப்பே போடவில்லை.

“வைகாசியில அவர் ஒரேயடியா ஊருக்கு வந்துடறார். அதுவரைக்கும் இருந்தாப் போதும்ண்ணே.”

தில்லைநாயகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேதி கிடைத்துவிட்டது. இருந்தாலும் ஒருவரை மட்டும் கேட்டால் சரியாகுமா என்று சர்வீஸ் பட்டியலை வாங்கி இன்னும் சிலருக்குப் போன் போட்டார். அங்கேதான் கெட்டது. கரூர்க்காரர் மகளுக்குப் பரீட்சை தொடங்கும்வரை போதும் என்றார். ஒரு கல்லூரிப் பெண் இன்னும் இரண்டு வருடம் என்றாள். ஒருத்தர் போன வருடமே விற்றுவிட்டதாகச் சொல்லி, தூக்கத்தைக் கெடுத்ததற்கு எரிந்து விழுந்தார். ஆம்பூரில் ஒரு தோல் பட்டறைக்காரர் கேள்வியை முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு காகிதம் நிறையத் தேதிகளோடு டீச்சரிடம் திரும்பி வந்தார்.

“கேக்கக் கேக்கக் குழப்பம்தான் கூடுது டீச்சர். எல்லாரையும் திருப்திப்படுத்துற மாதிரி ஒரு தேதியே இல்ல. எதை எழுதறது?”

“ஆம்பூர்க்காரர் பேருக்கு எதிரே ஒண்ணும் போடலையே?”

“அவர் பதிலே சொல்லலை. சண்டைதான் போட்டார். ‘நான் ஏன்யா இறங்கணும்? உனக்கு முடியலைன்னா நீ போ’ன்னு போனை வச்சுட்டார்.”

“அவர்தான் பதில் சொல்லியிருக்கார் சார்.”

தில்லைநாயகம் விழித்தார்.

“போற ஆள் நாம. அதுக்கு அவங்களை எதுக்கு இறக்கிவிடணும்? படகை அவங்ககிட்ட விட்டுட்டு நாம இறங்கலாம்ல?”

“சர்வரை நிறுத்திட்டா படகு எப்படி ஓடும்?”

“நம்ம சர்வர் நடுவுல இல்லாமலே ரெண்டு பெட்டியும் நேராப் பேசிக்கிற மாதிரி கடைசியா ஒரு அப்டேட் எழுதிக் குடுக்கலாம். அதுக்கப்புறம் நாம இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு.”

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே டீச்சர்!”

“முதல் நாள் நீங்க தேதிதானே சார் கேட்டீங்க?”

தில்லைநாயகம் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

“எத்தனை நாள் ஆகும்?”

“அந்த நாலு பேரும் உக்காந்தா ஆறு வாரம்.”

“அப்ப புதுசு தையில வராதே.”

“வராது.”

“எம்.டி. கத்துவாரே.”

“கத்துவார்.”

தில்லைநாயகம் பட்டியலைத் திருப்பிப்போட்டார். பின்பக்கத்தில் ‘தும்பி இரண்டு – மாசிக் கடைசி’ என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். போட்ட பிறகும் பேனாவை மூடவில்லை. இன்னும் ஏதோ ஒன்று இடித்தது.

“எம்.டி.யை நான் பார்த்துக்கறேன். புதுசுக்காகக் காத்திருக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க டீச்சர்? அவங்களை எதுக்கு ஆறு வாரம் நிக்க வைக்கணும்?”

அமலோற்பவம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே ஆபீஸ் வாசலில் ‘தும்பி இரண்டு’ விளம்பரப் பலகையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“நிக்கட்டும் சார். பழைய படகை விட்டு நாம எப்படி இறங்கிப் போறோம்னு பார்த்துட்டு அவங்க புதுசுல ஏறட்டும்.”