மூடியில்லாத இரண்டு தட்டுகள்

மாதேஸ்வரன் சாருக்கு ஐம்பத்தொரு வயது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்கிறவர். வழிகாட்டி நசீமா மேடம் அவரைவிடப் பத்து வயது சின்னவர். இவர் "மேடம்" என்பார், அவர் "சார்" என்பார். ஒருவரையொருவர் திட்டக்கூட முடியாத மரியாதை.

ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் சாருக்கு ஒரு பாக்டீரியா கிடைத்தது. அதன் நொதி ஸ்டார்ச்சைக் கரைக்கும். நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதியும் அதைத்தான் செய்கிறது, ஆகவே இதுவும் அந்தக் குடும்பம்தான் என்று சார் ஒரே பிடிவாதம். நொதிகளின் அமைப்பை ஒப்பிட்டு எது எதற்குச் சொந்தம் என்று காட்டும் வம்சமரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால், இது அமைலேஸ்களோடு ஒட்டாமல் விலகி நிற்கும். உடனே ஒப்பிடும் பட்டியலிலிருந்து நாலு நொதியைத் தூக்கிவிட்டு மறுபடி போடுவார். நாலு வருஷமாக இதே கூத்து. அதே ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யும் எனக்கே வெறுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுச் சுருக்கம் கொடுக்காவிட்டால் சாருடைய முனைவர் பட்டப் பதிவு ரத்தாகிவிடும். புதன்கிழமை மத்தியானம் மறுபடியும் மேடம் முன்னால் போய் நின்றார்.

"வேலை ஒண்ணுதானே மேடம்? அப்புறம் எப்படிச் சொந்தம் இல்லாமப் போகும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதற்குப் பத்துத் தடவையாவது பதில் சொல்லியிருப்பார். இந்தத் தடவை, காலையில் வைத்த இரண்டு ஸ்டார்ச் தட்டுகளையும் எடுத்துவரச் சொன்னார். ஒன்றில் சாருடைய நொதி, மற்றதில் கடையில் வாங்கிய அமைலேஸ். பெயரை அடித்தட்டில் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் சார் மூடியில்தான் எழுதுவார். அன்றும் அப்படித்தான்.

மேடம் இரண்டிலும் அயோடின் ஊற்றினார். ஸ்டார்ச் இருந்த இடமெல்லாம் கருநீலமானது, அது கரைந்துபோன நடுவில் மட்டும் வெளிறிய வட்டம். மூடிகளைத் தொட்டியில் போட்டுவிட்டு, தட்டுகளை மேசைமேல் நாலைந்து முறை இடம் மாற்றினார்.

"உங்களோடது எது சார்?"

சார் குனிந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே மேடம் கரைச்சிருக்கு? வட்டத்தை வெச்சு எது எதுன்னு எப்படிச் சொல்றது?"

"அப்போ வேலையை வெச்சுச் சொந்தத்தை மட்டும் எப்படிச் சார் சொல்றது?" என்றார் மேடம். சார் தட்டைக் கீழே வைத்தார்.

"முதல் வாரம் போட்ட மரத்துலயே அது தனியாத்தான் நின்னுச்சு மேடம். தப்புன்னு ஒதுக்கி வெச்சுட்டேன்."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"வெள்ளிக்கிழமை அந்த மரத்தை வெச்சே சுருக்கத்தைக் கொடுங்க சார்."