பிரதானியின் சொந்த வீடு

தென்கரை நாட்டில் அரியநாயகம் என்று ஒரு பிரதானி இருந்தார். சாவி என்றால் அவருக்கு உயிர். பூட்டு கிடைத்தால் போதும், கதவை அப்புறம் தேடிக்கொள்வார்.

கொன்றையூரில் புதுப் பள்ளிக்கூடம் கட்டியதும் பழைய பள்ளிக்கூடத்தில் ஆடுகள் குடியேறிவிட்டன. ஊரார் விடுவார்களா? ஆட்டை விரட்டினார்கள். தடுப்புச் சுவரை இடித்தார்கள். பிள்ளைகள் எழுதிப் பழகிய மணல் தரையைச் சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கெட்டியாக்கினார்கள். வாத்தியார் உட்கார்ந்த மேடை மணமேடையானது. கொல்லையில் நீள அடுப்பு வெட்டியாயிற்று. ஊருக்கு ஒரு பொது மண்டபம்! அதுவரை அந்த ஊரில் ஐப்பசியில் தாலி கட்டியவர்கள் எல்லாரும் நனைந்துகொண்டே கட்டியவர்கள்தான்.

திறந்துவைக்க வந்த பிரதானி வாசலில் ஒரு கல்லை நட்டார். "இம்மண்டபம் பிரதானி அரியநாயகத்தின் சொந்த வீடு போன்றது. அவர் அனுமதியின்றி எவரும் நுழையலாகாது." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். இதற்கான ஓலையில் மன்னர் வீரபூபதியின் முத்திரையும் இருந்தது. சாப்பாட்டு வேளையில் நீட்டியதால் அவர் படிக்காமலே வைத்த முத்திரை.

அந்தப் பள்ளிக்கூடத்தை இருபது வருஷம் கூட்டிப் பெருக்கியவள் பேச்சியம்மாள். நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராசா, ஐப்பசி பத்தாம் தேதி என் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். மண்டபத்தைக் கேட்டால், அன்றைக்குப் பிரதானி ஐயாவோட பல்லக்கு உள்ளே ஓய்வெடுக்குமாம். பல்லக்கு நனையக்கூடாது, என் பிள்ளை நனையலாமா?"

மன்னருக்கு முகம் சுண்டிவிட்டது. வைத்த முத்திரையை எப்படி அழிப்பது? பழக்கப்படி விதூஷகர் மருதவாணர் பக்கம் திரும்பினார்.

"மருதவாணரே, பிரதானியே தன் கையால் சாவியைக் கொண்டுவந்து தரவேண்டும். கல்யாணத்தன்று சாயங்காலம் வரை உமக்குக் கெடு. தவறினால் அந்த மண்டபத்தை இனி நீர்தான் பெருக்கவேண்டும்."

மருதவாணரோ ஏற்கெனவே இடுப்பு வலிக்காரர். குனிந்தால் நிமிர நாலு பேர் வேண்டும். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தார். வலி மறந்துபோயிற்று. நேரே பிரதானி வீட்டுக்குப் போனார்.

"பிரதானியாரே, அது என்ன 'சொந்த வீடு போன்றது'? உங்களுக்கு எதற்கு இந்தப் 'போன்றது'? சொந்த வீடு என்றே வெட்டுங்கள்!"

பிரதானிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே கல்தச்சன் வந்தான்.

"அப்புறம், சொந்த வீட்டில் ஒரு கல்யாணம்கூட நடக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? பேச்சியம்மாளுக்குக் கொடுங்கள். நாலு பேர் கல்லைப் படிக்கட்டும்."

"அதுவும் சரிதான். விருந்து உண்டல்லவா?"

"அவியலோடு."

ஐப்பசி பத்து. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒருவர் தலையிலும் ஒரு சொட்டு விழவில்லை. தாலி கட்டியாயிற்று. பட்டு உடுத்தி, வெறும் வயிற்றோடு, நேரே பந்திக்கு நடந்தார் பிரதானி. மருதவாணர் மறித்துச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்.

"எங்கே போகிறீர்கள்? வீட்டுக்காரர் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடவேண்டாமா? கடைசி ஆள் கைகழுவின பிறகுதானே வீட்டுக்காரருக்கு இலை?"

"நான் எப்படி வீட்டுக்காரன்?"

மருதவாணர் கல்லைக் காட்டினார். வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் பந்தி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மருதவாணர் ஏழு ஊருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார். கூட்டம் குறைந்தபாடில்லை. மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா எழுந்து வெளியே நடந்துவிட்டார். "எனக்கு மட்டும் அப்பளம் உடைந்த அப்பளமா? வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டால்தான் உட்காருவேன்!" ஊர் எல்லை வரை மழையில் ஓடி, கையைப் பிடித்துக் கெஞ்சி அவரைக் கூட்டிவந்தார் பிரதானி. பட்டெல்லாம் சேறு. அவியல் வாசனை ஆளைக் கொன்றது.

"மருதவாணரே, இன்னும் எத்தனை பந்தி?"

"இன்றைக்கு இன்னும் நாலுதான். நாளை மறுநாள் காதுகுத்து, அடுத்த வாரம் வளைகாப்பு. உங்கள் வீடாயிற்றே!"

நாலாம் பந்தியில் மன்னரே வந்து உட்கார்ந்திருந்தார். பிரதானி ஓடிப்போய் இலைக்கு முன்னால் சாவியைப் போட்டார்.

"மகாராஜா! இது என் வீடே இல்லை! ஊரார் வீடு! கல்லை இப்போதே பெயர்த்துவிடுகிறேன். எனக்கு ஒரு இலை போடச் சொல்லுங்கள்!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சாவியைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், பிரதானிக்கு இலை போட்டாள்.

மன்னர் முதல் கவளத்தை உருட்டியபடியே வேடிக்கையாகக் கேட்டார். "மருதவாணரே, இந்த நாடே என் சொந்த வீடு என்றுதானே என் மெய்க்கீர்த்தி சொல்கிறது? அப்படியானால் நான் எந்தப் பந்தியில் உட்காரவேண்டும்?"

மருதவாணர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்கினார்.

"அதைத்தான் எப்போது கேட்பீர்களோ என்று காத்திருந்தேன், மகாராஜா. வெளியே மழையில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள்."

மன்னர் உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்தார். எழுந்து, கரண்டி எங்கே என்று கேட்டார்.