முகம் வழித்த நாள்

மடத்துக்கு வருகிறவர்கள் முதலில் பூதலிங்கத்தின் காலில்தான் விழுவார்கள். காரணம், நெஞ்சை மறைத்துத் தொங்கும் அவன் தாடி. உண்மையான குரு மழமழவென்று முகம் வழித்து, இடுப்பில் ஒரு துண்டோடு, எங்காவது கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

"தினமும் எதுக்கு சாமி வழிக்கிறீங்க? ரெண்டு மாசம் விட்டா உங்களையும் நாலு பேரு கும்பிடுவாங்க."

"உன் தாடியில சோத்துப் பருக்கை இருக்கு. துடை" என்பார் குரு.

அந்தத் தாடி பக்தியில் வளர்ந்ததல்ல. ஒரு தேரோட்டத்தில் கோயில் மரியாதையாக அவன் அப்பாவின் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அது தனக்குச் சேர வேண்டியது என்று அதே ஊர் ஆவுடையப்பன் எல்லாரும் பார்க்க அதை உருவிப் போட்டான். அப்பா அதன் பிறகு தெருவில் இறங்கவில்லை. ஐப்பசி மழையோடு போய்ச் சேர்ந்தார். காரியத்துக்கு முகம் வழித்த ஈரம் காயும் முன்பே பூதலிங்கம் சபதம் போட்டான். ஆவுடையப்பன் என் காலில் விழுகிற வரை இனி இந்த முகத்தில் கத்தி படாது.

மடத்துக்கு அவன் வந்தது ஒரே ஒரு கேள்வியோடு. "பழி எப்ப சாமி தீரும்?" குரு பதில் சொல்லவில்லை. பதிலுக்காகத் தங்கியவன் தங்கியே விட்டான்.

ஒரு மத்தியானம் பழத்தட்டோடு ஒரு கிழவர் வந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவைத் தாண்டி நேரே போய்ப் பூதலிங்கத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஆவுடையப்பன்.

"சாமி, காப்பாத்தணும். எங்க ஊர்க்காரன் ஒருத்தன் என் தலையை எடுக்கிறதா சபதம் போட்டுட்டு எங்கேயோ போயிட்டான்."

தலை என்று நான் எப்போது சொன்னேன் என்று பூதலிங்கத்துக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நாய் குரைச்சாலும் அவன்தானோன்னு இருக்கு. இப்ப என் மகன் அரிவாளைத் தீட்டி வச்சிருக்கான், முந்திக்கணும்னு. ஒரே பிள்ளை சாமி."

"அவனைப் பார்த்தா என்ன செய்வீரு?"

"கால்ல விழுந்திருவேன். கிட்டப் போறதுக்குள்ள வெட்டிருவானேன்னுதான் பயம்."

பூதலிங்கம் எழுந்து குருவிடம் ஓடினான்.

"விழுந்துட்டான் சாமி!"

"பார்த்தேன்."

"நான்தான்னு தெரியாம விழுந்திருக்கான். இது கணக்குல சேருமா?"

"தெரிஞ்சு விழணும்னு சபதத்துல சொன்னியா?"

"இல்ல."

"அப்பச் சேரும்."

"மனசு நிறையலியே சாமி. நான்தான்னு சொல்லிரட்டுமா?"

"சொல்லு."

"சொன்னா ஓடிருவான். போய் மகனைக் கூட்டிட்டு வருவான்."

"வருவான்" என்று சொல்லி, குரு உள்ளே போய்த் தன் சவரக் கத்தியையும் ஒரு கத்தரிக்கோலையும் எடுத்து வந்தார். இரண்டையும் ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"சாமிக்கு முகம் வழிச்சு விடும். உம்ம பயம் போயிரும்."

"நானா? எனக்குப் பழக்கமில்லையே!"

"சாமி ரொம்பப் பொறுமைசாலி."

பூதலிங்கம் குருவை முறைத்தான். குரு கீரைக்குத் திரும்பிவிட்டார். சபதம் முடிந்துவிட்டது, மறுக்க ஒரு காரணமும் இல்லை. உட்கார்ந்தான்.

கத்தரிக்கோல் பட்டுத் தாடி மடியில் விழுந்தது. பிறகு கத்தி. வலது கன்னம் வெளியே வந்தது. மேலுதடு வந்தது. பிறகு நடுவில் குழி விழுந்த முகவாய். அப்பாவின் முகவாய்.

குரல்வளையில் கத்தி நின்றது. ஆவுடையப்பனின் மூச்சு அவன் நெற்றியில் பட்டது. அந்த மணிக்கட்டு மெலிந்து போயிருந்தது. பிடித்தால் முறிந்துவிடும். கீரை ஆயும் சத்தமும் நின்றிருந்தது.

பூதலிங்கம் முகவாயை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினான்.

"இடது பக்கம் பாக்கி இருக்கு அண்ணாச்சி."

கத்தி மெல்ல மறுபடி நகர்ந்தது.

"அசையாதடே" என்றார் ஆவுடையப்பன். "பழக்கமில்லாத கை."

இரண்டு இடத்தில் கீறல் விழுந்தது. இரண்டையும் தன் துண்டாலேயே ஒற்றி எடுத்தார். போகும்போது வாசலில் திரும்பி நின்றார்.

"அந்த அரிவாளை வச்சு இளநி சீவச் சொல்லுதேன். வீட்டுக்கு ஒருநாள் வா."

அவர் தலை மறைந்ததும் பூதலிங்கம் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சுத்தமாப் போயிருச்சு சாமி! ஒண்ணுகூட மிச்சமில்ல!"

குரு கத்தியைக் கழுவித் துடைத்து அவன் கையில் வைத்தார்.

"காலையில முளைக்கும். எனக்குத் தினமும் முளைக்குது."