பாலாற்றங்கரைக் கரண்டிக் கலகம்

"சாமி, ஒரே ஒரு கேள்வி. வேலூர்க் கோட்டையில சிப்பாய்ங்க ஏன் எழுந்தாங்க?"

பாலாற்றங்கரை மடத்துச் சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எப்போ?"

"ஆயிரத்து எண்ணூத்தி ஆறு. ஜூலை பத்து."

"இவ்வளவு நாளா யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் சொல்லிட்டாங்க. அதான் கஷ்டமே."

கேட்டவர் தணிகாசலம். வயது அறுபத்திரண்டு. சாமிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஞானத்துக்கு வயசு வரிசை கிடையாது என்று தணிகாசலம் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வந்திருந்தார்.

நூற்பாலையில் நேரம் குறிக்கிற வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் பொது நூலகத்தில், விசிறி ஓடாத மூலையில், தானாகப் படித்துக்கொண்டது. அந்தக் கோட்டையைப் பற்றி இருபது வருஷமாக ஒரே ஒரு புத்தகம் எழுதிவந்தார். பதினோரு அத்தியாயம் அச்சகத்தில் தயார். பன்னிரண்டாவதற்கு 'ஏன்?' என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத்தாள். ஜூலை பத்துக்குள் முடிக்காவிட்டால் இந்த ஜன்மத்தில் முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

சாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். தோல் வைத்த புதுத் தலைப்பாகைதான் காரணம் என்கிறார்கள். நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவு என்கிறார்கள். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் தூண்டிவிட்டார்கள் என்கிறார்கள். விடுதலைப் போரின் முதல் குரல் என்கிறார்கள். கும்பெனி அதிகாரிகளோ, நீதான் காரணம், இல்லை நீதான் என்று ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

"ஒண்ணைப் படிச்சா அது சரின்னு படுது. அடுத்ததைப் படிச்சா அதுவும் சரின்னு படுது சாமி."

சாமி கையைத் துடைத்தார். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"பத்து நாள் அன்னதானக் கூடத்தை நீங்க பாத்துக்கங்க."

"என் கேள்வி?"

"இருநூறு வருஷமா காத்திருக்கு. பத்து நாள்ல எங்க ஓடிடப் போவுது?"

*

அதுவரை அரிசி பருப்பு வைக்கும் உக்கிராண அறையைப் பார்த்துவந்தவர் கன்னையன். அவர் விலகி, பின்கட்டு அறைக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். பதவி போன மகாராஜா மாதிரி சீலிங்கைப் பார்த்துக்கொண்டு.

சமையலுக்கு மாசிலாமணி. பந்தி பரிமாறுகிறவர்களுக்குத் தலைவி பட்டம்மா. தினம் முந்நூறு இலை.

முதல் மூன்று நாள் தேனிலவு. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கும்போது தணிகாசலம் கோட்டைக் கதையைச் சொல்வார். விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்தது. திப்புவின் கொடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கதவை உடைத்தது. அதற்குப் பிறகு நடந்த சிப்பாய்ப் படுகொலையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். பட்டம்மா அரிவாள்மணையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

கும்பெனி விசாரணையில் என்னென்ன எழுதினார்கள் என்பதை அவர் நடித்தே காட்டுவார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, துரை மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு. மாசிலாமணி விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த இடத்தை இன்னொரு தரம் செய்யுங்க ஐயா என்று கேட்டு வாங்குவார்கள்.

நான்காம் நாள் தணிகாசலத்தின் கண்ணில் கரண்டி பட்டது.

ஆளுக்கொரு கரண்டி. ஒன்றுபோல் ஒன்று இல்லை. மாசிலாமணியுடையது விளிம்பு நசுங்கிப்போனது. பட்டம்மாவுடையதற்கு முழநீளத்துக்கு மூங்கில் பிடி கட்டியிருந்தது. நூற்பாலையில் முப்பது வருஷம் இருந்தவருக்கு அது உறுத்தியது. ஓர் இலையில் சாம்பார் குளம், அடுத்த இலையில் சொட்டு. இது அநியாயம் இல்லையா?

எல்லாக் கரண்டிகளையும் சாக்கில் கட்டி உக்கிராண அறையில் பூட்டினார். புதுக் கரண்டி வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நீளம், பளபளவென்று.

புதுக் கரண்டியை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். மாசிலாமணி மட்டும், "தொப்பி போடச் சொல்லாம வுட்டாரே" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். தணிகாசலமும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்தார்.

அன்றைக்குப் பட்டம்மா முந்நூறு இலைக்கும் குனிந்து குனிந்து பரிமாறினாள். 'எல்லா இலைக்கும் ஒரே அளவு' என்று தணிகாசலம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

காய் நறுக்கும் இடத்தில் கதை கேட்க ஆள் குறைந்தது. வேலை மும்முரம் என்று எடுத்துக்கொண்டார்.

*

எட்டாம் நாள் பந்திக்கு இலை போட்டாயிற்று. மாசிலாமணி வந்து, துவரம்பருப்பு மூட்டையில் வண்டு மாதிரி தெரிகிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்றார். தணிகாசலம் உக்கிராண அறைக்குள் போனார். குனிந்தார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நாதாங்கி விழுந்தது.

"மாசிலாமணி, கதவு மூடிக்கிச்சு."

"தெரியும் ஐயா. நாங்கதான் மூடனோம்."

ஜன்னல் இடுக்கு வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது. பட்டம்மா மூங்கில் பிடிக் கரண்டியோடு நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். மூலையில் சாக்கு காலியாகக் கிடந்தது.

பந்தி ஜோராக நடந்தது. குழந்தைக்கு அரைக் கரண்டி, மூட்டை தூக்குகிறவருக்கு மூன்று. பாயச வாசனை கதவுக்கு அடியில் நுழைந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய துண்டு, கொடியில் உலர்த்தியிருந்த பச்சைத் துண்டு, ஒரு கழியில் ஏறிக் கூடத்து நடுவில் நின்றது.

"கொடி ஏத்தியாச்சு ஐயா" என்று மாசிலாமணி கதவுக்கு வெளியே நின்று மரியாதையாகத் தெரிவித்தார்.

கடைசிப் பந்தி எழுந்திருக்கும் நேரத்தில் சாமி குடையோடு வந்து சேர்ந்தார்.

"ஆற்காட்டுக் குதிரைப்படை வந்துடுச்சு" என்றாள் பட்டம்மா. கூடமே சிரித்தது.

சாமி கதவைத் திறக்கவில்லை. அடியில் ஒரு தாளைத் தள்ளினார்.

"ஏன் இப்படி ஆச்சுன்னு எழுதுங்க ஐயா. எழுதினதும் திறக்கறேன்."

தணிகாசலம் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினார். இருபது வருஷம் வராத வேகம். ஒரு பக்கம் நிரம்பியது. அடித்தல் திருத்தல் இல்லை.

கதவு திறந்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னையன்கூட கட்டிலை விட்டு எழுந்து வந்திருந்தார். சாமி, படிங்க என்று சைகை காட்டினார்.

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"கரண்டி வெறும் சாக்குப்போக்கு. உத்தரவு எல்லாருடைய நன்மைக்காகவே போடப்பட்டது. இவர்களுக்கு எந்தக் குறையும் வைக்கப்படவில்லை..."

"பதவி போனவர் யாரோ உள்ளே இருந்துகொண்டே தூண்டிவிட்டிருக்கிறார்" என்றாள் பட்டம்மா. "அடுத்தது அதுதானே ஐயா?"

தணிகாசலம் தாளைப் பார்த்தார்.

அதுதான்.

"நான் இவங்களுக்குச் சாவியை மட்டும்தான் குடுத்தேன்" என்றார் கன்னையன். "ரெண்டாவது சாவி ஒண்ணு இருக்கான்னு யாரும் கேக்கல."

தணிகாசலம் துணிப்பையை இழுத்து, கோட்டைக் குறிப்பு நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். துரைகள் எழுதியதும், தான் எழுதியதும். ஒன்றை வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் படித்தார்.

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பட்டம்மா எழுந்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"அச்சகத்துக்கு என்ன சொல்லட்டும்?" என்று சாமி கேட்டார்.

"இந்த ஜூலைக்கு வராதுன்னு சொல்லிடுங்க."

அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. பந்திப் பாயில் பட்டம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்தார்.

"நீங்க சொல்லுங்க பட்டம்மா."

"சொல்றேன். நாள் முழுக்கச் சொல்ல இருக்கு. முதல்ல சாப்புடுங்க."

இலை விழுந்தது. சோறு விழுந்தது. மாசிலாமணி சாம்பார் வாளியோடு வந்து நின்றார். அவர் கையில் இரண்டு கரண்டிகள். ஒன்று பளபளப்பு, ஒன்று நசுங்கல்.

"எதுல ஊத்தட்டும் ஐயா?"

"உங்களுதுல."