கீரி மாற்றிய பை

“நீர்நாய்க்குக் கிடைத்த மடிக்கணினிதான் இருப்பதிலேயே உசத்தியாம்!”

புங்க மரத்தில் இரண்டு மைனாக்கள் பேசிக்கொண்டிருந்தன. கீழே போய்க்கொண்டிருந்த கீரியின் காதில் அது விழுந்தது. அதன் வயிறு எரிந்தது.

அந்தக் காட்டு ஏரிக்கு இரண்டு மதகுகள். மேல்மதகை நீர்நாய் கவனித்தது. கீழ்மதகைக் கீரி கவனித்தது. எந்த மதகானாலும் பக்கத்தில் போய், இருவரில் ஒருவருடைய மடிக்கணினியில் தட்டினால் கதவு திறக்கும், மூடும்.

புது மடிக்கணினிகள் வாங்கும் முன் மேலாளர் யானை எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தது. “உன் வேலை எப்படிப்பட்டது?”

“ஏறணும், நீந்தணும் ஐயா” என்றது நீர்நாய். “கனம் இல்லாமல் இருந்தால் போதும். தவறவிட்டாலும் வேறு யாரும் திறக்க முடியக் கூடாது.”

கீரி மட்டும், “மயிலிடம் இருப்பதைவிடப் பெரியதாக வேண்டும்!” என்றது.

“மயில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறது. நீ சேற்றில் ஓடுகிறவன் ஆயிற்றே?”

“மயிலுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

யானை பெருமூச்சு விட்டது. கேட்டதையே வாங்கிக் கொடுத்தது.

பலகை போல் ஒன்று வந்தது. பளபளவென்று மின்னியது. மூன்றே நாளில் கீரிக்கு முதுகு வலித்தது. கடவுச்சொல்லும் அடிக்கடி மறந்தது. அதை ஓர் இலையில் எழுதி மூடியிலேயே ஒட்டிவைத்தது.

இப்போது மைனாக்களின் பேச்சு வேறு! ‘சின்னதைக் கேட்டு ஏமாற்றிவிட்டாளே!’ என்று கீரி பொருமியது. நீர்நாய் குளிக்கப் போன நேரம் பார்த்து மடிக்கணினிப் பைகளை மாற்றிவைத்தது. சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துள்ளி ஓடியது.

அன்று மாலையே மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. கீழ்மதகு திறந்தே கிடந்தது. தண்ணீர் வாய்க்காலைத் தாண்டிக் கீரியின் வளையை நோக்கிப் பாய்ந்தது. வளைக்குள் அதன் மூன்று குட்டிகள் இருந்தன.

கீரி மதகருகே ஓடி, சின்ன மடிக்கணினியைத் திறந்து பாதத்தை அழுத்தியது.

“நீ நீர்நாய் இல்லை!” என்றது மடிக்கணினி.

துடைத்துவிட்டு மறுபடி அழுத்தியது. “நீ நீர்நாய் இல்லை!”

“தெரியும்! தெரியும்! திற!” என்று கீரி அழுதது.

அப்போது சேற்றில் எதையோ இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தது நீர்நாய். “இதை எப்படித் தம்பி தூக்கினாய்? நனைந்து பாதி வழியில் அணைந்துபோச்சு. ஒரு குரங்கு உன் கடவுச்சொல்லைச் சத்தம் போட்டுப் படிச்சுது!”

கீரி தலை குனிந்தது. “அக்கா, பையை மாற்றினது நான்தான். குட்டிகள் உள்ளே...”

நீர்நாய் தன் சின்ன மடிக்கணினியை வாங்கியது. ஈரப் பாதத்தை அழுத்தி இரண்டு தட்டுத் தட்டியது. மதகு மூடியது. தண்ணீர் வளையின் வாசலில் நின்றது. மூன்று சின்ன மூக்குகள் வெளியே எட்டிப் பார்த்தன.

மறுநாள் கீரி தன் பெரிய மடிக்கணினியைத் தள்ளிக்கொண்டு யானையிடம் போனது. நடந்ததை மறைக்காமல் சொன்னது.

“அடுத்தவர் கையில் இருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால், அது உன் வேலைக்கு ஒருநாளும் உதவாது” என்றது யானை. “சரி, இப்போதாவது சொல். உன் வேலை எப்படிப்பட்டது?”

கீரி முதலில் மூடியில் ஒட்டியிருந்த இலையைப் பிய்த்தது. வாயில் போட்டு மென்று விழுங்கியது. பிறகு, “ஓடணும் ஐயா” என்றது.